சி நிரலை அனுப்பும் முன் இன்னொரு தொகுப்பு விருப்பம்

கட்டற்ற மென்பொருளுக்கு சி நிரல் அனுப்பும் முன், ஜிசிசி தொகுப்பியின் கட்டளையில், சி மொழியின் சி11 தரத்தைத் தேர்ந்தெடுக்கும் '-எஸ்டிடி=சி11' (-std=c11) என்பதோடு '-பெடான்டிக்-எரர்ஸ்' (-pedantic-errors) என்பதையும் சேர்த்துத் தொகுத்துப் பாருங்கள். முதலாவது மட்டும் போதவே போதாது. தரம் அனுமதிக்காத பூஜ்ய நீள அணியை எழுதினால் ஜிசிசி வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவதும் சேர்ந்தால் அந்த வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். புதுச்சேரியில் கல்லூரி ஆய்வகத்தில் நன்றாக ஓடிய நிரல், வெளியூர்க்காரரின் வேறொரு தொகுப்பியில் முறிவதற்கு இத்தகைய நீட்சிகளும் (தரத்தில் இல்லாமல் தொகுப்பி தானாகச் சேர்த்த வசதிகளும்) ஒரு காரணம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலுக்கு இது பொருந்தாது. அது ஜிஎன்யு நீட்சிகளை, அதாவது ஜிசிசி தரும் நீட்சிகளைத் தெரிந்தே பயன்படுத்துகிறது. தர மீறல் எல்லாவற்றையும் '-பெடான்டிக்-எரர்ஸ்' பிடித்துவிடாது. வரையறுக்கப்படாத நடத்தைக்கு (விளைவு என்னவென்று தரம் சொல்லாத செயல்களுக்கு) '-எஃப்சானிடைஸ்=அன்டிஃபைன்ட்' (-fsanitize=undefined) சேர்த்துத் தொகுத்து, நிரலை ஓட்டியே பார்க்க வேண்டும்.