நிலக்கரியோடு விறகும் முந்திரித் தோடும் சேர்த்து எரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆனால் சிரட்டை, கதம்பை (தேங்காயின் நார் மட்டை), முந்திரித் தோடு (கொட்டையின் ஓடு), மறுநடவுக்காக வெட்டப்படும் ரப்பர் மரம் ஆகியவற்றுக்குக் குறைவில்லை. கொதிகலனிலோ சூளையிலோ நிலக்கரியின் ஒரு பகுதிக்கு இவற்றை மாற்றாக இடுவதில் உண்மையான நன்மை உண்டு. நிலக்கரியைவிட விறகில் கந்தகம் மிகக் குறைவு. விறகுச் சாம்பலிலுள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் நிலக்கரியின் கந்தகத்திலும் சிறிதளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த நன்மையைக் கண்டு, மற்ற மாசுகளும் அதே அளவில் குறைந்துவிடும் என்று கணக்கிடுவதுதான் முதல் தவறு.

கலவையை எடையால் மட்டும் அளப்பது அடுத்த தவறு. உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 3500 கிலோ கலோரி தரும். ஈர விறகு அதில் பாதியளவே தரக்கூடும். எடையில் 20 விழுக்காடு ஈர விறகு சேர்த்தவர், வெப்பத்தில் அந்தப் பங்கைப் பெறாமல், குறைவை ஈடுகட்ட மேலும் நிலக்கரியை இடுகிறார். ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே 600 கிலோ கலோரியளவு செலவாவதால் உலை குளிர்ந்து, கார்பன் மோனாக்சைடும் கரிப்புகையும் பெருகும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தில் விறகைக் கூரையின்றி அடுக்கி வைப்பதை நான் சிறு கவனக்குறைவாகக் கருதவில்லை.

காற்று செல்லும் வழியையும் பலர் கவனிப்பதில்லை. நிலக்கரிக்கென அமைந்த உலையில் காற்றின் பெரும்பகுதி, எரிபொருள் கிடந்து எரியும் கம்பித் தட்டியின் அடியிலிருந்து வருகிறது. விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கோ வாயுவாகப் பிரிந்து தட்டிக்கு மேலே எரிவதால், மேற்புறத்திலும் காற்று செலுத்தப்பட வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத உலையில் ஒரே நேரத்தில் கூடை கூடையாகக் கதம்பையைக் கொட்டினால், வாயு எரியாமலே புகைபோக்கி வழியாக வெளியேறும். முந்திரித் தோட்டை எண்ணெய் எடுக்காமல் இடுவதும் இத்தகையதே. அதன் காரமான எண்ணெய் அரைகுறையாக எரிந்தால், அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் வருத்தும்.

எல்லாவற்றிலும் கடுமையானது, பழைய வள்ளத்தின் பலகையையும் கடலில் ஊறிய மரத்தையும் இலவச விறகாக எண்ணி உலையில் இடுவதாகும். குளச்சல் முதல் சின்னமுட்டம் வரையுள்ள கரையில் பழுதான மரம் கிடைப்பது எளிது. அதில் உப்பின் குளோரின் ஊறியிருக்கிறது. பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசும் வண்ணத்தில் தாமிரம் இருக்கக்கூடும். குளோரின், தாமிரம், எரியாத கரி மூன்றும் சேர்ந்த புகை, ஏறத்தாழ 250 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பநிலையில் மெல்லக் குளிரும்போது, மிகக் கொடிய நச்சான டயாக்சின் உருவாகிறது. கனடாவின் மேற்குக் கடற்கரையில் உப்பு ஊறிய மரத்தை எரித்த காகித ஆலைக் கொதிகலன்களுக்கு 2001-இல் தனி வரம்பே வகுக்கப்பட்டது. நிலக்கரியின் கந்தகம் டயாக்சினை ஓரளவு தடுக்கும் என்பது மெய்யே. எனினும் விறகின் பங்கு கூடக் கூட அந்தக் கந்தகம் குறைந்துகொண்டே போவதால், அதைக் காவலாக நம்பக் கூடாது.

புகை கருப்பாக இல்லையென்றால் மாசில்லை என்று கொள்வதும் பிழை. கந்தக டையாக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் கண்ணுக்குத் தெரியாதவை. கதம்பையில் மிகுந்துள்ள பொட்டாசியமும் குளோரினும் ஆவியாகிக் குளிரும்போது, ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும்) சிறிய உப்புத் துகள்களாகின்றன. பெருந்துகளைப் பிடிக்கும் சுழல்வகைத் தூசிப் பிரிப்பானிலிருந்து அவை பெரும்பாலும் தப்பிவிடும். நைட்ரஜன் ஆக்சைடு, விறகைவிட இலையும் பட்டையும் மிகுந்த கழிவில் கூடுதலாக உண்டாகக்கூடும்.

அளவீட்டிலும் எச்சரிக்கை தேவை. தேவைக்கு மேல் காற்று புகுந்தால் மாசின் செறிவு நீர்த்துக் குறைவாகத் தோன்றும். வெளியேறும் மொத்த மாசு குறைந்திருக்காது. ஆகவே சிறு கொதிகலன்களின் தூசி அளவை, புகையில் 12 விழுக்காடு கார்பன் டையாக்சைடு இருந்தால் எவ்வளவு இருக்கும் என்ற அடிப்படைக்குத் திருத்திய பின்னரே, கலவைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும்.