கேப் இயர் பயணம்: வரைபடத்தை மூடிவிட்டு காலண்டரைத் திறங்கள்

என் அக்கா மகள் படிப்புக்கு நடுவே ஒரு வருடம் வெளிநாடு சுற்றப் போகிறாள். திட்டம் போட உலக வரைபடத்தோடு வந்தாள். நான் காலண்டரைக் கேட்டேன். எந்த ஊரில் எத்தனை நாள் என்பதைப் போகிற வழியில்கூட மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சில வேலைகளை, எவ்வளவு பணம் கொடுத்தாலும் கடைசி வாரத்தில் முடிக்க முடியாது. கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் அவை கண்ணில் படும்.

முதலில் கல்லூரி இடம். "அடுத்த வருடம் வந்து சேர்ந்துகொள்ளலாம்" என்ற வாய்வார்த்தை போதாது. சேர வேண்டிய தேதி, கட்டிய பணம், உதவித்தொகை மூன்றைப் பற்றியும் எழுத்தில் வாங்குங்கள். சில படிப்புகளில் இடத்தைத் தள்ளிவைக்கவே விடமாட்டார்கள். இது கைக்கு வராமல் டிக்கெட் பக்கம் போக வேண்டாம்.

அப்புறம் தடுப்பூசி. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான ஊசியை முன்பு போட்டிருக்காவிட்டால், வழக்கமான முறையில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அரை வருடம் இதற்கே போய்விடும். மஞ்சள் காய்ச்சலுக்கு ஒரே ஊசிதான், ஆனால் முதல்முறை போடுகிறவர்களுக்குச் சான்றிதழ் 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். எங்கே போகிறோம் என்பதோடு எங்கிருந்து வருகிறோம் என்பதும் இதில் முக்கியம். பிரேசில், கென்யா போன்ற நாடுகளில் இருந்துவிட்டு வருகிறவர்களிடம் பல நாடுகள் இந்தச் சான்றிதழைக் கேட்கும். ரேபிஸ் ஊசியையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளச் சொல்வேன். நாய் கடித்த பிறகு தேவைப்படும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசி ஒதுக்குப்புறமான இடங்களில் கிடைப்பது கஷ்டம். முன்பே போட்டவருக்கு அது தேவைப்படாது. ஆனாலும் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடித்த பிறகான ஊசிகளுக்கு உடனே போக வேண்டும்.

விசாவில்தான் பலருடைய திட்டம் உடைகிறது. நுழையும்போது பாஸ்போர்ட் இன்னும் 6 மாதம் செல்ல வேண்டும் என்று நிறைய நாடுகள் எதிர்பார்க்கின்றன. ஒரு வருடப் பயணம் என்றால், கிளம்பும் நாளில் குறைந்தது ஒன்றரை வருடமாவது மிச்சம் இருக்கட்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய நாடுகளில், எந்த 180 நாள்களை எடுத்தாலும் 90 நாள்களுக்கு மேல் தங்கக்கூடாது. ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்பாதீர்கள். தங்கும் ஒவ்வொரு நாளும் முந்தைய 180 நாள்களைத் திரும்பிப் பார்த்துத்தான் எண்ணுவார்கள். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். அந்த 90 நாள் முடிந்த பிறகு பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போகலாம், அவை ஷெங்கனில் இல்லை.

இன்னொன்று. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும்; பொதுவாக நீங்கள் வசிக்கும் நாட்டிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். அதனால் ஐரோப்பாவைப் பயணத்தின் கடைசியில் வைத்தால், நடுவழியில் இருக்கும்போது விசா வாங்க வழியில்லாமல் போகலாம். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா கடினமான நாடுகளை முன்னாலும், சுலபமானவற்றைப் பின்னாலும் வையுங்கள். விடுதியில் தங்கப் படுக்கை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக உதவி செய்வதும் பல நாடுகளில் வேலைதான். சுற்றுலா விசாவில் அது விதிமீறல். வேலை செய்துகொண்டே சுற்ற ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தனி விசா இருக்கிறது. ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு மட்டும்தான். வயது வரம்பும் உண்டு.

அநாதை இல்லங்களில் சில வாரம் தொண்டு செய்ய அழைக்கும் திட்டங்களில் சேராதீர்கள். அங்கிருக்கும் பல குழந்தைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். பார்வையாளர்களின் பணம்தான் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கிறது.

பருவத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். பெருவில் மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா நடைபாதை பிப்ரவரியில் மூடியிருக்கும். தாய்லாந்தின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை மழை. அதே நாட்டின் கிழக்கே, தாய்லாந்து வளைகுடாப் பக்கத் தீவுகளில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை.

இன்சூரன்ஸ் பத்திரத்தில் எது கிடைக்காது என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள். மோட்டார் சைக்கிள் விபத்தும், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றமும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டை, உங்களுக்கு உரிமம் கொடுத்த நாட்டிலேயே கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பாருங்கள்: ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப்பொருள் சேர்ந்த மருந்தை, டாக்டர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது.

பணத்துக்கு வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டுகள், தனித்தனிப் பைகளில். வங்கி அனுப்பும் ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறதோ அந்த சிம் வெளிநாட்டிலும் உயிரோடு இருக்க வேண்டும். கிளம்பும் முன்பே ரோமிங்கைப் போட்டுச் சரிபாருங்கள். ஏடிஎம் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நஷ்டம்.

மூட்டை நீங்களே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் அளவுக்கு இருந்தால் போதும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும்.

திரும்பி வந்த பிறகும் ஒரு வேலை உண்டு. மலேரியா வராமல் இருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிட்டவர்கள், அந்தப் பகுதியை விட்டு வந்தபின் இன்னும் 4 வாரம் தொடர வேண்டும். மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.