சிசிஎன்ஏ முதல் சிசிஎன்பி வரை: சுங்கை சிப்புட்டில் இருந்தபடியே படிக்கும் வழி

கேமரா பொருத்தும் வேலையில் இருக்கும் ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: “அண்ணே, சிசிஎன்பி வகுப்பெல்லாம் கோலாலம்பூர்லதான் இருக்காம். வேலையை விட்டுட்டுப் போகணுமா?” வேண்டாம் என்றேன். சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ நிறுவனம் நெட்வொர்க் வேலைக்குத் தரும் அடிப்படைச் சான்றிதழ், சிசிஎன்பி அதற்கு அடுத்த நிலை. நான் இவற்றைப் படித்தது பேராக்கில் உள்ள இந்தச் சுங்கை சிப்புட்டில்தான், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில், வேலை முடிந்து வந்த இரவுகளில். அவரிடம் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நெட்வொர்க் பற்றி எதுவும் தெரியாதவர்களும் முதல் படியிலிருந்து தொடங்கலாம்.

படி 1: பாக்கெட் டிரேசரும் ஒரு நோட்டுப் புத்தகமும்

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிந்துகொண்டால் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரூட்டர், ஒரே நெட்வொர்க்கின் கணினிகளை இணைக்கும் சுவிட்ச், கேபிள் எல்லாம் திரையிலேயே வந்துவிடும். பழைய மடிக்கணினி போதும்.

நோட்டுப் புத்தகம் அதைவிட முக்கியம். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஒரு கட்டளையைத் தட்டுவதற்கு முன்பே, என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை இடப்பக்கம் எழுதுங்கள். தட்டிய பிறகு நடந்ததை வலப்பக்கம் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நீங்கள் படிக்க வேண்டியது இருக்கிறது. இந்தப் பழக்கம் இல்லாமல் நூறு காணொளி பார்த்தாலும், உண்மையான ரூட்டர் முன்னால் கை நடுங்கும்.

படி 2: சப்நெட்

சப்நெட் என்பது ஒரு பெரிய முகவரித் தொகுதியிலிருந்து வெட்டிய சிறு துண்டு. ஒரு செம்பனை ஆலை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். 50 கணினிகள், 25 கேமராக்கள், இன்னொரு ரூட்டருக்குப் போகும் ஓர் இணைப்பு. கையில் இருப்பது 192.168.10.0/24, அதாவது கடைசி எண் 0 முதல் 255 வரை 256 முகவரிகள். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் ஒன்று கூடினால் துண்டு பாதியாகும்.

பெரியதிலிருந்து சிறியதாக வெட்டுங்கள். 50 கணினிக்கு /26 வேண்டும். அதில் 64 முகவரிகள் இருக்கும். முதலும் கடைசியும் போக 62 பயன்படும். அது 0 முதல் 63 வரை. கேமராக்களுக்கு /27: 64 முதல் 95 வரை, 30 பயன்படும். ரூட்டர் இணைப்புக்கு /30: 96 முதல் 99 வரை, இரண்டே முகவரி.

சிறியதை முதலில் வெட்டினால் என்ன ஆகும்? /30 ஐ 0 இல் வைத்துவிட்டால் /26 ஐ 4 இல் தொடங்க முடியாது. அது 0, 64, 128, 192 ஆகியவற்றில்தான் தொடங்கும். நடுவில் உள்ள முகவரிகள் சிதறிப்போகும். தினமும் பத்துக் கணக்கு என்று ஒரு மாதம் போடுங்கள், கைக்கு வந்துவிடும்.

படி 3: சிசிஎன்ஏ

தேர்வின் எண் 200-301. 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர். வேறு எந்தச் சான்றிதழும் முன்கூட்டியே தேவையில்லை. தேறினால் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இதில் அதிக எடை உள்ள பகுதி ஐபி இணைப்பு, அதாவது 25 விழுக்காடு. அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது ஓஎஸ்பிஎஃப், அதாவது ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் முறை.

அதை எங்கள் ஊர் வழியில் சொல்கிறேன். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு நினைவிருக்கிறதா? மண்டோர் பெயர் கூப்பிடுவார், குரல் கொடுத்தால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு. ஓஎஸ்பிஎஃப் ரூட்டர்களும் ஈதர்நெட் இணைப்பில் 10 வினாடிக்கு ஒரு முறை ‘ஹலோ’ சொல்லிக்கொள்கின்றன. 40 வினாடி குரல் கேட்காவிட்டால் பக்கத்து ரூட்டர் போய்விட்டது என்று எழுதிவிடும்.

மூன்று ரூட்டர்களை இணைத்து இதைச் செய்து பாருங்கள். பிறகு ஒன்றின் ஓர் இடைமுகத்தில் (கேபிள் சேரும் வாயிலில்) மட்டும் ஹலோ நேரத்தை 5 வினாடி ஆக்குங்கள். அவசரப்படாமல் முதலில் நோட்டில் எழுதுங்கள்: பக்கத்து ரூட்டரோடு உள்ள உறவு நீடிக்குமா, அறுமா? அறும். ஹலோ நேரம் இரு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் வருகிற ஹலோவை ரூட்டர் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் உடனே அறாது, காத்திருக்கும் நேரம் முடிந்த பிறகுதான் அறும். அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்தவருக்கு அது மறக்காது.

படி 4: உடைத்துப் பழகுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் தாண்டினேன்.

சிசிஎன்ஏ கையில் இருந்த நேரம். ஒரு தொழிற்சாலையில் புதிதாக வீலேன் 30 ஐச் சேர்க்கச் சொன்னார்கள். ஒரே சுவிட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்து வைத்த நெட்வொர்க்கைத்தான் வீலேன் என்பார்கள். இரண்டு சுவிட்சுகளுக்கு இடையில் பல வீலேன்களைச் சுமக்கும் டிரங்க் இணைப்பில் ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் வீலேன் 30’ என்று தட்டினேன். அடுத்த நொடியே மறுபக்கம் முழுவதும் அறுந்தது. அந்தக் கட்டளையில் ‘ஆட்’ (சேர்) என்ற சொல் விட்டுப்போயிருந்தது. ‘ஆட்’ போட்டிருந்தால் பழைய பட்டியலோடு 30 சேர்ந்திருக்கும். போடாததால் பழைய பட்டியல் அழிந்து, 30 மட்டும் நின்றது. சுவிட்சைத் தூரத்திலிருந்து எட்டப் பயன்படும் நிர்வாக வீலேனும் அழிந்த பட்டியலில் இருந்ததால், என் மேசையிலிருந்து அதை எட்ட முடியவில்லை. சுவிட்சில் நேராகச் செருகும் கன்சோல் கேபிளோடு மறு கட்டடத்துக்கு ஓடினேன். வேலை நின்றுபோன அந்தத் தொழிலாளர்களின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றிரவு வீட்டில் அதே பிழையைப் பாக்கெட் டிரேசரில் வேண்டுமென்றே மறுபடி செய்தேன். ‘ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்’ என்ற கட்டளை முன்பு என்ன காட்டியது, பின்பு என்ன காட்டியது என்று எழுதிவைத்தேன். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நண்பர் ஒருவர் உங்கள் கோப்பில் ஒளித்து ஒரு பிழை வைக்க, நீங்கள் தேடிக் கண்டுபிடித்தால் இன்னும் நல்லது.

தூரத்திலிருந்து சிஸ்கோ ரூட்டரை மாற்றும்போது இன்னொரு பாதுகாப்பும் உண்டு. முதலில் ‘ரீலோட் இன் 10’ என்று கொடுங்கள். மாற்றத்தால் தொடர்பு அறுந்தால், பத்து நிமிடத்தில் ரூட்டர் தானே மறுதொடக்கமாகி, கடைசியாகச் சேமித்த அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரி என்றால் ‘ரீலோட் கேன்சல்’. உறுதியாகும் வரை புதிய அமைப்பைச் சேமிக்கக் கூடாது.

படி 5: சிசிஎன்பி

சிசிஎன்பியின் என்டர்பிரைஸ் பிரிவுக்கு இரண்டு தேர்வுகள். முதலில் 350-401 என்கோர்: 120 நிமிடம், 400 டாலர். அப்புறம் சிறப்புத் தேர்வுகளில் ஒன்று. ரூட்டிங் பிடித்தவர்களுக்கு 300-410 எனார்சி: 90 நிமிடம், 300 டாலர். 2020 முதல் சிசிஎன்ஏ இல்லாமலே நேராக இதை எழுதலாம். இருந்தாலும் சிசிஎன்ஏ பாடத்தைத் தாண்டாதீர்கள், என்கோர் முழுவதும் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இங்கே பாக்கெட் டிரேசர் போதாது. சிஸ்கோவின் உண்மையான மென்பொருளையே கணினியில் ஓட்டும் சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பில் ஐந்து கருவிகள் வரை ஓட்டலாம். 16 ஜிபி நினைவகம் இருந்தால் வசதி. முதல் பயிற்சியாக, ஓஎஸ்பிஎஃப் ஓடும் இரண்டு ரூட்டர்களில் ஒன்றின் ஐபி எம்டியூவை (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, பைட்டில்) 1400 ஆக்கி, மற்றதை 1500 இல் விடுங்கள். ஹலோ நன்றாகப் போகும், ஆனால் உறவு முழுமையாகாமல், அதற்கு முந்தைய எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். ஹலோவில் எம்டியூ எழுதப்படுவதில்லை. அடுத்து அனுப்பும் டேட்டாபேஸ் விவரப் பொட்டலத்தில்தான் அது இருக்கிறது. ஏன் அங்கே நின்றது என்று உங்களால் சொல்ல முடிந்தால் எனார்சிக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள்.

படி 6: பணமும் பதிவும்

மூன்று தேர்வுக்கும் சேர்த்து 1,000 டாலர். நம் வீடுகளுக்கு இது பெரிய தொகை. முதலில் முதலாளியிடம் கேளுங்கள். 10 அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், சட்டத்தில் குறித்த துறைகளில், சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்னும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்டுகின்றன. உங்கள் சம்பளத்தில் பிடிப்பதல்ல, முதலாளி கட்டுவது. அந்த நிதியிலிருந்து பயிற்சிச் செலவைக் கோர அவர்களால் முடியும். கேட்காமலே இருந்துவிடுகிறோம். வழியில்லை என்றால் மாதாமாதம் சேருங்கள். நம் ஊர்க்காரர், முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960 இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில்தான் தோட்டம் வாங்கியது.

திருடிய கேள்வித்தாள்களை விற்பவர்கள் வருவார்கள். வாங்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும். பிடிபடாவிட்டாலும் டிரங்க் அறுந்த அந்த நாளில் அது உதவாது.

மூன்று ஆண்டுக்குள் சிசிஎன்பி தேர்வு ஒன்றில் தேறினால் சிசிஎன்ஏவும் தானே புதுப்பிக்கப்படும். அதைக் கணக்கில் வைத்துத் தேதி குறியுங்கள். வீட்டிலிருந்தும் எழுதலாம், ஆனால் மாலை இடிமழையில் மின்சாரமும் இணையமும் போகிற ஊர் இது; தேர்வு மையத்துக்கே போங்கள். தேர்வை நடத்தும் பியர்சன் வியூவில் பதியும்போது பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் பெயர்களில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) வருவதால், பணம் கட்டும் முன்பே அதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.