4ஜி லிங்க் சும்மா காத்திருக்க வேண்டுமா? டிஸ்டன்ஸை 130 ஆக்குங்கள்

கிளை அலுவலக ரூட்டர்களில் நான் அடிக்கடி கை வைக்கும் எண் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ், அதாவது ஒரு வழியை ரூட்டர் எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் எண். ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டு வழி தெரிந்தால், டிஸ்டன்ஸ் குறைவாக உள்ளதைத்தான் ரூட்டர் எடுத்துக்கொள்ளும். சிஸ்கோ ரூட்டர்களில் ஸ்டேட்டிக் (நாமே கையால் எழுதும் வழி) 1; ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கற்கும் முறைகளில் வெளி பிஜிபி 20, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. ஜூனிப்பரில் எண்களே வேறு: ஸ்டேட்டிக் 5, ஓஎஸ்பிஎஃப் 10.

கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு ஃபைபரில் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது, 4ஜி மாற்று வழி என்று வைத்துக்கொள்வோம். 4ஜிக்கு வெறும் ஸ்டேட்டிக் ரூட் எழுதினால் அதன் 1, ஓஎஸ்பிஎஃப்பின் 110ஐ முந்திவிடும். ஃபைபர் நன்றாக இருக்கும்போதே டிராஃபிக் முழுக்க 4ஜியில் போகும். அதனால் கட்டளையின் கடைசியில் பெரிய எண்ணைச் சேருங்கள்:

ஐபி ரூட் 10.20.0.0 255.255.0.0 192.168.50.1 130

நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் மாஸ்க் (இங்கே 255.255.0.0, சுருக்கமாக /16) மட்டும் ஓஎஸ்பிஎஃப் தரும் ரூட்டோடு அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். அங்கே /16 வர, நீங்கள் /24 எழுதினால் டிஸ்டன்ஸ் 130 என்ன, 250 போட்டாலும் அந்த /24க்கான டிராஃபிக் 4ஜிக்குத்தான் போகும். நீளமான ப்ரிஃபிக்ஸுக்கே, அதாவது சாய்கோட்டுக்குப் பின் எண் பெரிதாக உள்ளதற்கே, முதல் மரியாதை.

அப்புறம் 'ஷோ ஐபி ரூட்' அடித்தால் புது ரூட் தெரியாது. பதற வேண்டாம், அது காத்திருக்கிறது. [110/20] என்று தெரிவதில் முதல் எண் டிஸ்டன்ஸ், அடுத்தது மெட்ரிக் (அந்த முறை தன் கணக்கில் வழிக்குப் போடும் செலவு). ஃபைபர் இன்டர்ஃபேஸை ஷட் செய்து பாருங்கள். [130/0] வர வேண்டும். கேபிள் உயிரோடு இருந்து நடுவில் எங்கோ அறுந்தால், ஈதர்நெட்டில் ஓஎஸ்பிஎஃப் வழக்கமாக 40 விநாடி கழித்துத்தான் பக்கத்து ரூட்டரைக் கைவிடும்.

சிலர் ஓஎஸ்பிஎஃப்புக்குள் போய் 'டிஸ்டன்ஸ் 130' என்று எல்லா ஓஎஸ்பிஎஃப் ரூட்டுகளின் எண்ணையும் ஏற்றுகிறார்கள். நான் அதைச் செய்ய விடமாட்டேன். இந்த எண் அந்த ஒரு ரூட்டருக்குள்ளேயே இருக்கும், பக்கத்து ரூட்டருக்குப் போகாது. ஒருவர் ஒரு வழியும் மற்றவர் வேறு வழியும் நம்பினால் லூப் வரும், பாக்கெட் ரூட்டர்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ரூட்டுக்குத் தேவையென்றால் அந்த ஒரு ரூட்டில் மட்டும் மாற்றுங்கள்.

கிளையில் முடித்ததும் தலைமை அலுவலக ரூட்டரிலும் திரும்பி வரும் வழிக்கு இதே போல 130 போட்டு ஒரு ஸ்டேட்டிக் எழுதுங்கள். அது இல்லையென்றால் பாக்கெட் போகும், பதில் வராது.