பழைய கிராபிக்ஸ் கார்டையும் புதியதையும் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

2017 மார்ச்சில் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டில் 3584 குடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்). 2021 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இலும் அதே 3584. நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு என்று சொல்லும் டெராஃப்ளாப்ஸ் பழையதற்கு 11.3, புதியதற்கு 12.7. இந்த இரண்டு வரியை மட்டும் பார்ப்பவர் 3060 ஒரு படி மேல் என்றுதான் முடிவுகட்டுவார். ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) இல்லாத பழைய கேம்களை இரண்டிலும் ஓட்டினால், பெரும்பாலும் 1080 டிஐ-தான் கொஞ்சம் முந்தி நிற்கும்.

காரணம் அதே ஸ்பெக் பட்டியலின் கீழ்வரிகளில் இருக்கிறது. 1080 டிஐ-யின் மெமரி பஸ் (மெமரிக்கும் சிப்புக்கும் இடையிலான பாதை) 352 பிட், நொடிக்கு 484 ஜிபி. 3060-க்கு 192 பிட், 360 ஜிபி. பரப்புகளுக்குப் படம் ஒட்டும் டெக்ஸ்ச்சர் யூனிட்டுகள் அதில் 224, இதில் 112. பிக்சலை எழுதி முடிக்கும் ஆர்ஓபி-கள் அதில் 88, இதில் 48. டெராஃப்ளாப்ஸ் என்பதோ கோர் எண்ணிக்கையை இரண்டாலும் பூஸ்ட் கடிகாரத்தாலும் பெருக்கி வரும் காகிதக் கணக்கு. 1080 டிஐ-யின் அறிவிக்கப்பட்ட பூஸ்ட் 1582 மெகாஹெர்ட்ஸ். நல்ல கூலர் இருந்தால் கேமில் 1800-ஐத் தாண்டி ஓடும். அப்போது அந்த 11.3-க்கு என்ன மதிப்பு?

ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த தலைமுறைக்குள்ளேயே கோர் கணக்கு காலை வாரும். ஆர்டிஎக்ஸ் 2060-இல் 1920 கோர், 3060-இல் 3584. ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் வேகம் இரட்டிப்பாவதன் பக்கத்தில்கூட வராது. 3060-இன் ஆம்பியர் வடிவமைப்பில் ஒவ்வொரு எஸ்எம் தொகுதியிலும் (கோர்களின் குழு) உள்ள 128 கோர்களில் பாதி, தசமக் கணக்கோ முழு எண் கணக்கோ, ஏதாவது ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் செய்யும். முழு எண் வேலை வந்தால் அந்தப் பாதி அங்கே போய்விடும். நிறுவனம் மாறினால் இன்னும் மோசம். 2017-இல் ஏஎம்டி-யின் வேகா 64-க்கு 12.7 டெராஃப்ளாப்ஸ், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080-க்கு 8.9. கேம்களில் இரண்டும் தோளோடு தோள் நின்றன.

சரி, மெமரி வேகத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் உதவாது. ஆர்டிஎக்ஸ் 4060-இல் 128 பிட் பஸ், நொடிக்கு 272 ஜிபி மட்டுமே. ஆனாலும் 3060-ஐ விட வேகமாக ஓடும். அதன் எல்2 கேஷ் 24 எம்பி, 3060-க்கு 3 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைப்பதால் வெளி மெமரிக்குப் போகும் வேலை குறைகிறது. ஆனால் கேம் 4060-இல் உள்ள 8 ஜிபி மெமரிக்கு மேல் கேட்கத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். 3060-இன் 12 ஜிபி அசையாமல் நிற்க, 4060 திக்கித் திக்கி ஓடும். சில கேம்கள் திக்கவும் செய்யாது, சத்தமில்லாமல் டெக்ஸ்ச்சர் தரத்தைக் குறைத்துவிடும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) அழகாக இருக்கும், சுவர் மட்டும் களிமண் பூசியதுபோல் தெரியும். எனவே எண்ணோடு திரையையும் பாருங்கள்.

பெயர் ஒன்று, கார்டு வேறு

செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் அதிகம் அடிபடுவது இதில்தான். ஜிடிஎக்ஸ் 1060-இன் 6 ஜிபி வகையில் 1280 கோர், 3 ஜிபி வகையில் 1152. வித்தியாசம் மெமரி மட்டும் அல்ல. ஜிடி 1030-இல் ஜிடிடிஆர்5 மெமரி வகை நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகை 17-கூட இல்லை. 3060-இலும் 128 பிட் பஸ் கொண்ட 8 ஜிபி வகை ஒன்று உண்டு. லேப்டாப்பில் எழுதியிருக்கும் 4070, டெஸ்க்டாப் 4070 அல்ல: 5888 கோருக்குப் பதில் 4608, 12 ஜிபி-க்குப் பதில் 8.

சோதிக்கும்போது நடக்கும் பிழைகள்

புதிய கார்டைப் போட்டும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் முதலில் ப்ராசஸரைச் சந்தேகிக்க வேண்டும். ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாட்டைத் திரையில் வரவைத்து ஓட்டுங்கள். 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டு முழு வேலை செய்கிறது. 70-இல் தடுமாறினால் கார்டு சும்மா காத்திருக்கிறது. உறுதிசெய்ய, ரெசல்யூஷனை 1440பி-யிலிருந்து 1080பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் அப்படியே நின்றால் நீங்கள் அளந்தது ப்ராசஸரை. அதற்கு முன் எஃப்பிஎஸ்-ஸுக்கு வரம்பு போடும் வி-சிங்க்கும் ஃப்ரேம் லிமிட்டும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 60-இல் பூட்டிவிட்டு இரண்டு கார்டும் சமம் என்று சொல்வது சர்வசாதாரணம்.

அடுத்து மதர்போர்டு. ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் பிசிஐஇ லேன் (போர்டோடு தரவு போய்வரும் தடம்) 4 மட்டும்தான். பிசிஐஇ 4.0 ஸ்லாட்டில் நொடிக்கு 8 ஜிபி அளவில் தரவு போகும், பழைய 3.0 போர்டில் அது பாதி. 4 ஜிபி மெமரி நிரம்பியதும் அந்தப் பாதி வழியில்தான் எல்லாம் வந்துபோக வேண்டும். ஸ்லாட் வேகத்தை ஜிபியு-இசட் மென்பொருளில் பார்க்கலாம். ஆனால் கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த 1.1 என்று காட்டும். பக்கத்திலுள்ள கேள்விக்குறி பட்டனை அழுத்தி ரெண்டர் டெஸ்டை ஓடவிட்டபின் வரும் எண்தான் சரி.

பழைய கார்டைத் தூசியோடும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டோடும் சோதித்து, "இது செத்துப்போச்சு" என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. ஃபேன், ஹீட்சிங்கைச் சுத்தம்செய்து, பேஸ்டை மாற்றுங்கள். பழைய டிரைவரை சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு நீக்கிப் புதியதைப் போடுங்கள். 10 நிமிடம் ஓட்டிச் சூடேற்றியபின், ஒரே காட்சியை மூன்று முறை அளந்து, சராசரியோடு 1 சதவீத லோ எண்ணையும் (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம்) எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கார்டையும் ஒரே வாரத்தில், ஒரே கேம் பதிப்பில் அளக்க முடியாவிட்டால், 2018 ரிவ்யூவில் ஒன்றும் 2023 ரிவ்யூவில் ஒன்றுமாக எடுத்துக் கோர்க்காதீர்கள். இடையில் டிரைவர், பேட்ச், சோதனை ப்ராசஸர் எல்லாம் மாறியிருக்கும்.

சதவீதம் சொல்லும்போதும் கவனம் வேண்டும். 60 எஃப்பிஎஸ்-ஸிலிருந்து 80 போனால் புதியது 33 சதவீதம் வேகம். அதையே திருப்பிச் சொன்னால் பழையது 25 சதவீதம்தான் மெதுவு. இரண்டும் உண்மை, விற்பவர் எதைச் சொல்வார் என்பது தெரிந்ததே.

2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டில் 4090-இன் வேகம் கிடைக்கும் என்று மேடையில் அறிவித்தார். 5070-இல் 6144 கோர், 4090-இல் 16384. இடைவெளியை நிரப்பியது மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன்: கார்டு வரைந்த ஒரு ஃப்ரேமுக்கு மூன்று செயற்கை ஃப்ரேம். 30-ஐ 120 ஆக்கினாலும், மவுஸை அசைத்ததும் கை உணரும் தாமதம் 30-இன் தாமதம்தான், கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஒப்பிடும்போது இரண்டிலும் ஃப்ரேம் ஜெனரேஷனை அணையுங்கள். சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போட்டால் எந்த ரெசல்யூஷனிலிருந்து பெரிதாக்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தொடக்கத்தில் பார்த்த அதே ஜோடி. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' கேமுக்கு ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம். பழைய கேம்களில் முந்தி ஓடிய 1080 டிஐ அதற்கான தகுதிப் பட்டியலிலேயே இல்லை, 3060 விளையாட்டாக ஓட்டும். 1080 டிஐ அடங்கிய பாஸ்கல் வரிசைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும்.