இடிந்த வீட்டின் ஒரு மூலை: மினியேச்சர் போர் விளையாட்டுக்கு முதல் கட்டடம்

சுமார் 28 மி.மீ. உயரமுள்ள பொம்மை வீரர்களுக்கு ஏற்ற இடிந்த வீடு ஒன்றைச் செய்வோம். முதல் முறை என்பதால் எல் வடிவில் சேரும் இரண்டு சுவர்கள் போதும்.

தேவையானவை: 10 மி.மீ. தடிமனுள்ள எக்ஸ்பிஎஸ் (மணிமணியாக இல்லாத, அடர்த்தியான) நுரைப்பலகை, அடித்தளத்துக்கு 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, புது பிளேடு போட்ட கட்டர், வெள்ளைப் பசை, மணல், அக்ரிலிக் பெயின்ட். மணிமணியாக உதிரும் தெர்மாகோல் வேண்டாம், அதில் செங்கல் கோடு பதியாது.

முதலில் இடியாத சுவரைத் தாளில் வரையுங்கள். வீட்டின் ஒரு மாடியின் உயரம் 7.5 செ.மீ., கதவு 4.5 செ.மீ. உயரம், 3.5 செ.மீ. அகலம். வீரரின் வட்டப் பீடமே 25 முதல் 32 மி.மீ. வரும், அதனால்தான் இவ்வளவு அகலம்.

அப்புறம்தான் இடிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது, அவசரப்படாதீர்கள். இரு சுவர்கள் ஒன்றையொன்று தாங்குவதால் மூலை கடைசிவரை நிற்கும். கதவும் ஜன்னலும் உள்ள இடம் பலவீனம். ஆகவே உடைப்புக் கோடு மூலையில் உயரமாகத் தொடங்கி, ஜன்னலைப் பாதியில் வெட்டிக்கொண்டு கீழே இறங்கட்டும். இப்படி வரைந்தால் பார்த்தவுடனே நம்பத் தோன்றும்.

வெட்டும்போது ஒரே அழுத்தாக அழுத்தாமல், இரண்டு மூன்று முறை மெல்லக் கீறுங்கள். உடைந்த விளிம்பை விரலால் கிள்ளிக் கரடுமுரடாக்குங்கள். பால்பாயின்ட் பேனாவால் 8 மி.மீ. நீளம், 4 மி.மீ. உயரத்தில் செங்கல் கோடுகள் போடுங்கள். உண்மையான செங்கலை வீரர்களின் அளவுக்குச் சுருக்கினால் வருவதைவிட இது பெரிதுதான், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். கசக்கிய அலுமினியத் தாளை உருட்டி ஒற்றினால் செங்கல் சொரசொரப்பாகிவிடும்.

சுவர்களை அடித்தளத்தில் ஒட்டுங்கள். இடிந்த சுவர் எங்கே போனது? காலடியில்தானே கிடக்கும்! வெட்டி எடுத்த நுரையையே சிறு துண்டுகளாக்கி உடைப்புக்கு நேர் கீழே குவித்து, பசை பூசி மணல் தூவுங்கள். நடுவில் வீரர் சாயாமல் நிற்கச் சமதளம் விடுங்கள். ஒருவரை நிறுத்தியும் பாருங்கள்.

காய்ந்ததும் கறுப்பு பெயின்ட்டும் வெள்ளைப் பசையும் சமமாகக் கலந்து எல்லாக் கோட்டுக்குள்ளும் போகும்படி பூசுங்கள். ஸ்ப்ரே பெயின்ட்டை நேராக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் நுரையை உருக்கிவிடும். என் முதல் சுவர் அப்படித்தான் குழிகுழியாகிப் போனது. அடித்தளத்தின் அடிப்புறத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்தால் பலகை வளையாது. ஓர் இரவு காயட்டும்.

சரி, இப்போது நிறம். செங்கலுக்குச் செம்பழுப்பு, இடிபாடுகளுக்குச் சாம்பல். அது காய்ந்தபின், தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பை மேலே ஓடவிடுங்கள், இடுக்குகளில் தங்கி நிழலாகும். அடுத்து உலர் தூரிகை: வெளிர் நிறத்தில் தோய்த்த பிரஷைத் தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு, விளிம்புகளை மட்டும் லேசாக உரசுங்கள். இந்த இடத்தில் சுவர் உயிர்பெறுவதைப் பார்ப்பீர்கள்.

கடைசியாக, ஸ்பாஞ்சுத் துண்டில் கறுப்பைத் தொட்டு ஜன்னலுக்கு மேலே ஒற்றுங்கள். புகை மேல்நோக்கித்தான் போகும், ஜன்னலுக்குக் கீழே கரி படிய வேண்டாம்.