பழனியப்பன் நாலு பேர், இணைப்பு எண் ஒன்றுதான்

மின்சாரம், குடிநீர் போன்றவற்றை வழங்கும் பழைய பெரிய நிறுவனத்தின் ஐ.டி. பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? நுகர்வோர் பட்டியலில் இரட்டைப் பதிவு தேடும்போது பெயரை வைத்து ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். காரைக்குடிப் பக்கம் வேலை பார்த்துக் கற்றது இது.

இங்கே நகரத்தார் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே தெருவில் நாலு பழனியப்பன், மூணு லெட்சுமணன் சாதாரணம். ஆளைப் பிரித்துக் காட்டுவது பெயருக்கு முன்னால் வரும் விலாசம்தான் (முகவரி அல்ல, முன்னோர் பெயர்களின் சுருக்கம்). அதையும் பழைய லெட்ஜரிலிருந்து ஏற்றியபோது ஒருவர் புள்ளி வைத்திருப்பார், இன்னொருவர் இடம் விட்டிருப்பார், மூன்றாமவர் பாதியை விழுங்கியிருப்பார். பெரிய வீடென்றால் பங்காளிகளுக்குத் தனித்தனி இணைப்பு, எல்லாம் ஒரே கதவு எண்ணில்! 'டூப்ளிகேட்' என்று நான் நீக்கப் போனவற்றில் பாதி, நடப்பில் இருந்த இணைப்புகள். கவுண்டரில் இருந்த அண்ணன்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

இணைப்பு எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பட்டியலை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் சிஎஸ்வி கோப்பை அப்படியே டபுள் கிளிக் செய்தால், எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் தூக்கிவிடும். 15 இலக்கம் தாண்டிய மீட்டர் எண்ணென்றால் அதற்கு மேல் உள்ளதெல்லாம் பூஜ்யமாகிவிடும். சேமித்துவிட்டால் போனது போனதுதான். 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகத் திறந்து, தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண் முழுசாக வரும். மூலக் கோப்பின் நகல் ஒன்று தனியே இருக்கட்டும்.